கடனட்டைப் புள்ளிகள்: வன்னிக்கு எவ்வளவு வந்து சேரும்?

கடனட்டை விற்க வருபவர் வட்டி வீதத்தைப் பற்றி முதலில் பேசமாட்டார். சலுகைப் பட்டியலைத்தான் விரித்து வைப்பார். தென்கரை விடுதிகளில் அறைக் கழிவு, கொழும்பு உணவகங்களில் இரவுச் சாப்பாட்டுக்குக் கழிவு, கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஓய்வுக்கூடம் என்று நீளும் அந்தப் பட்டியலை எடுத்து, கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் உண்மையில் காசு கொடுத்த இடங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். வவுனியாவில் இருப்பவருக்குச் சில வரிகள் மிஞ்சும். முல்லைத்தீவிலோ மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ இருப்பவருக்கு இன்னும் குறையும். சுப்பர் மார்க்கெற், எரிபொருள், மருந்து, தவணைக்கு வாங்கும் வீட்டுச் சாமான், தொலைபேசிக் கட்டணம்: எங்கள் பக்கத்துக் கணக்கு பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். அட்டையைத் தெரிவு செய்ய வேண்டியதும் இதை வைத்துத்தான்.

அட்டையால் செலவழிக்கும்போது வங்கி தரும் வெகுமதிப் புள்ளியை முதலில் ரூபாவாக மாற்றிப் பாருங்கள். ‘நூறு ரூபாவுக்கு ஒரு புள்ளி’ என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு புள்ளி எத்தனை சதம் பெறும் என்பதையும் கேட்க வேண்டும். 1,000 ரூபா வவுச்சருக்கு 4,000 புள்ளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நீங்கள் 4 இலட்சம் ரூபா செலவழித்திருக்க வேண்டும். திரும்பி வருவது 0.25 வீதம். 200 ரூபாவுக்கு ஒரு புள்ளி கொடுத்து, அந்தப் புள்ளியை ஒரு ரூபாவாகவே கணக்கில் கழிக்கும் இன்னொரு அட்டை 0.5 வீதம் தருகிறது. விளம்பரத்தில் முதலாவதுதான் பெரிதாகத் தெரியும், கைக்கு வருவதோ இரண்டாவதில் இரட்டிப்பு.

200 ரூபாவுக்கு ஒரு புள்ளி என்றால் அது பொதுவாக ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். 390 ரூபா பில்லுக்கு ஒரு புள்ளி, 190 ரூபா பில்லுக்கு ஒன்றும் இல்லை. சின்னச் சின்னப் பில்லாக வாங்குகிறவருக்கு இது நட்டம். புள்ளி எப்போது காலாவதியாகும், ஆகக்குறைந்தது எத்தனை சேர்ந்தால் மாற்றலாம், வவுச்சர் செல்லும் கடைக்குக் கிளை எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். கொழும்பில் மட்டும் செல்லும் வவுச்சருக்கு ஏ9 வீதியால் போய்வரும் பஸ் காசையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதனால்தான் இங்கே பெரும்பாலானவர்களுக்குப் புள்ளி அட்டையைவிடக் காசு திரும்பும் அட்டை, அதாவது காஷ்பேக், பொருந்தும் என்பது எங்கள் கருத்து. தொகை சிறிதாக இருந்தாலும் நேரே பில்லில் கழியும். ஆனால் அதற்கும் மாத உச்சவரம்பு உண்டு. ‘5 வீதம் திரும்பும், மாதம் 1,000 ரூபா வரை’ என்றால் 20,000 ரூபா செலவோடு அந்தச் சலுகை முடிந்துவிடும்.

கடையின் குறியீடு

சலுகை கிடைக்கவில்லை என்று வரும் முறைப்பாடுகளுக்கு ஒரு காரணம் கடையின் பெயர்ப்பலகைக்கும் வங்கிப் பதிவுக்கும் உள்ள வேறுபாடு. காட் மெசின் கொடுக்கும்போது வங்கி ஒவ்வொரு வியாபாரத்துக்கும் நான்கு இலக்க வகைக் குறியீடு ஒன்றைப் பதிகிறது. பலசரக்கும் சுப்பர் மார்க்கெற்றும் 5411, பார்மசி 5912, ஹாட்வெயார் 5251, எரிபொருள் நிலையம் 5541, மின்சாரம் தண்ணீர் போன்ற சேவைகள் 4900. ‘பலசரக்குச் சலுகை’ போன்ற வகைச் சலுகைக்கு அட்டையின் கணினி பார்ப்பது இந்த எண்ணைத்தான். கடைக்குள் அரிசி வாங்கினீர்களா ஆணி வாங்கினீர்களா என்பது அதற்குத் தெரியாது.

எங்கள் ஊர்க் கடைகள் பலதில் எல்லாமே ஒரே கூரைக்குள் இருக்கும். முன்பக்கம் பலசரக்கு, பக்கத்தில் பிளாஸ்ரிக் சாமான், பின்னால் சீமெந்து. முதலாளி மெசின் எடுத்த காலத்தில் ஹாட்வெயார் என்று பதிந்திருந்தால் நீங்கள் வாங்கும் பால்மாவுக்கும் ‘பலசரக்குச் சலுகை’ விழாது. கார்கில்ஸ் புட் சிட்டி போன்ற சங்கிலிக் கடைகளில் இந்தக் குழப்பம் குறைவு. மற்றக் கடைகளில் ஒரு சிறு தொகைக்கு வாங்கி, வங்கி அனுப்பும் மாதக் கணக்குக் கூற்றில் புள்ளியோ கழிவோ விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெரிய செலவைச் செய்யுங்கள். விளம்பரம் குறிப்பிட்ட கடையின் பெயரைச் சொல்கிறதா, ‘எல்லாச் சுப்பர் மார்க்கெற்றும்’ என்கிறதா, எந்தக் கிழமைகளில், எவ்வளவு தொகைக்கு மேல் என்பதையும் படியுங்கள். சனி ஞாயிறில் மட்டும், 5,000 ரூபாவுக்கு மேற்பட்ட பில்லுக்கு மட்டும் என்றெல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும்.

எரிபொருள், மின்கட்டணம், அரச கட்டணங்கள், பணப்பை செயலிக்குக் காசு ஏற்றுவது ஆகியவற்றைப் பல அட்டைகள் புள்ளியிலிருந்து விலக்கியிருக்கும். நாளாந்தம் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவரின் பெரிய செலவு பெற்றோல் என்றால், அதை விலக்கும் அட்டை அவருக்கு எதற்கு? ஏ.ரி.எம்மில் கடனட்டையைப் போட்டுக் காசு எடுத்தால் புள்ளி இல்லை. கட்டணம் தனியாக, வட்டி அன்றே தொடங்கும். அதற்கு இந்த அட்டையைப் பயன்படுத்தவே வேண்டாம்.

ஐயாயிரம் குறைந்தால் என்ன நடக்கும்

வட்டியில்லாக் காலம் 50 நாள் வரை என்பார்கள். முழுத் தொகையையும் உரிய திகதிக்குள் கட்டுகிறவருக்கு மட்டுமே அது உண்டு. மார்ச் 3ஆம் திகதி 60,000 ரூபாவுக்கு ஒரு பொருள் வாங்கினீர்கள். கட்டவேண்டிய கடைசி நாள் ஏப்ரல் 15. அன்று 55,000 கட்டி 5,000 ரூபாவை மிச்சம் வைத்தீர்கள். வட்டி 5,000 ரூபாவுக்குத்தான் என்று நினைப்பது இயல்பு. பல வங்கிகளின் நிபந்தனை அப்படி இல்லை. முழுதாகக் கட்டாதபடியால் வட்டியில்லாக் காலம் போய்விடும், வாங்கிய நாளிலிருந்தே 60,000 ரூபாவுக்கும் வட்டி எண்ணப்படும். வருட வட்டி 26 வீதம் என்று வைத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 ரூபா 74 சதம். 43 நாளுக்கு 1,838 ரூபா அளவில் வரும். மிச்ச 5,000 ரூபாவுக்கு அதன்பிறகும் ஓடும். எல்லாம் கட்டித் தீரும்வரை புதிதாக வாங்குபவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி விழும். அந்த 60,000 ரூபாவுக்கு 0.5 வீத அட்டை தந்த வெகுமதி 300 ரூபா.

குறைந்தபட்சக் கொடுப்பனவு இன்னும் மோசம். மாதக் கூற்றில் ஒரு இலட்சம் மிச்சம், குறைந்தபட்சம் 5 வீதம் என்றால் 5,000 ரூபா கட்டினால் தாமதக் கட்டணம் விழாது. ஆனால் அந்த 5,000 ரூபாவில் 2,160 ரூபாவுக்கு மேல் அந்த மாத வட்டிக்கே போய்விடும். நுண்கடன் கிழமைத் தவணையால் பட்ட பாடு வன்னிக்குப் புதிதல்ல. கடனட்டையில் வீட்டு வாசலுக்கு யாரும் வந்து நிற்பதில்லை என்பதால் கடன் ஏறுவது பிந்தித்தான் தெரியவரும். 2023 ஓகஸ்ட்டில் மத்திய வங்கி வட்டிக்கு உச்சவரம்பு விதித்தபோது நகை அடகுக்கு 18 வீதம், கடனட்டைக்கு 28 வீதம் என்று வைத்தது. அவசரத்துக்கு எது மலிவான கடன் என்பதை அந்த இரண்டு எண்ணும் காட்டும்.

அதனால் மாதா மாதம் முழுதாகக் கட்ட முடியாதவர் வெகுமதி அட்டையைத் தேட வேண்டாம். கமக்காரருக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். காலபோகத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் போடும் செலவு, மாசி பங்குனியில் நெல் வெட்டிய பிறகுதான் திரும்பி வரும். நாலு மாதக் கடனை 50 நாள் அட்டையில் ஏற்றினால் நடுவில் இரண்டு மூன்று கூற்றுகள் வந்துவிடும். அதற்குப் பயிர்ச்செய்கைக் கடன் கேளுங்கள்.

சம்பளக்காரர் திகதியைப் பொருத்திக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். அரச சம்பளம் 25ஆம் திகதியை ஒட்டி விழும். கூற்றுத் திகதி, அதாவது மாதக் கணக்கை வங்கி முடிக்கும் நாள், 10ஆம் திகதி வாக்கில் இருந்தால் கட்டவேண்டிய நாள் பெரும்பாலும் 25க்குப் பிறகு வரும். விண்ணப்பிக்கும்போதே கூற்றுத் திகதியைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கட்டும் காசு கணக்கில் பதிய ஒரு வேலைநாள் எடுக்கலாம் என்பதால், கடைசி நாள் போயா தினத்திலோ ஞாயிறிலோ விழுந்தால் இரண்டு நாள் முந்திக் கட்டுங்கள். சேமிப்புக் கணக்கு உள்ள வங்கியிலேயே அட்டை எடுத்து, ‘முழுத் தொகையும் தானாகக் கழிக்க’ என்று நிலையான கட்டளை கொடுப்பது எல்லாவற்றிலும் பாதுகாப்பு. படிவத்தில் ‘குறைந்தபட்சம்’ என்ற பெட்டிக்குச் சரி போடப்பட்டிருக்கிறதா என்று கையொப்பத்துக்கு முன் பாருங்கள்.

ஆண்டுக் கட்டணம் முதல் வருடம் இலவசம் என்பார்கள், இரண்டாம் வருடத்தைப் பற்றிக் கேளுங்கள். கட்டணம் 3,500 ரூபா, வெகுமதி 0.5 வீதம் என்றால் அந்தக் கட்டணத்தை மீட்கவே வருடத்துக்கு 7 இலட்சம், மாதம் 58,000 ரூபாவுக்கு மேல் செலவழிக்க வேண்டும். அவ்வளவு செலவில்லாத வீட்டுக்குக் கட்டணமில்லாத சாதாரண அட்டை போதும். தங்கம், பிளாட்டினம் என்ற பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

சம்பளப் பட்டியல் காட்ட முடியாத கடைக்காரர், கமக்காரர், வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசில் வாழ்பவர் ஆகியோருக்கு நிலையான வைப்பைப் பிணையாக வைத்து அட்டை கொடுக்கும் வங்கிகள் உண்டு. வைப்பின் ஒரு பங்கே கடன் எல்லையாக இருக்கும், வைப்புக்கான வட்டியும் தொடரும். கட்டத் தவறினால் வங்கி அந்த வைப்பில் கை வைக்கும். துணைக்கோ பிள்ளைக்கோ மேலதிக அட்டை எடுத்தால் அதில் ஏறும் கடனும் முதல் அட்டைக்காரரின் தலையில்தான்.

அட்டையால் கட்டினால் மூன்று வீதம் கூட்டிக் கேட்கும் கடைகளும் உண்டு. 40,000 ரூபாத் தகரத்துக்கு அது 1,200 ரூபா, 0.5 வீத அட்டையில் வெகுமதி 200 ரூபா. மெசினுக்கு வங்கி அறவிடும் தரகை வாடிக்கையாளர் மீது சுமத்தக்கூடாது என்பது கடைக்கும் வங்கிக்கும் உள்ள ஒப்பந்தம். மத்திய வங்கியும் இதைப் பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. மெசின் துண்டில் பெயர் இருக்கும் வங்கியிடம் பில்லோடு முறையிடலாம். ஆனால் நாளைக்கும் அதே முதலாளியிடம்தான் போகப்போகிறீர்கள் என்றால், காசுக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பேரம் பேசுவது சில வேளை புள்ளியைவிட லாபம்.

‘வட்டியில்லாத் தவணை’க்கும் இதே கேள்வியைப் போடுங்கள். குளிர்சாதனப் பெட்டி தவணைக்கு 1,80,000, காசுக்கு 1,72,000 என்றால் 12 மாதத் தவணையில் நீங்கள் வருடத்துக்கு எட்டு வீதத்துக்குச் சற்று மேல் வட்டி கட்டுகிறீர்கள், பெயர் மட்டும்தான் வட்டியில்லை. அது அடகு வட்டியைவிடக் குறைவுதான், வேண்டுமென்றால் எடுக்கலாம். தவணைக் கொள்வனவுக்குப் புள்ளி உண்டா, இடையில் தீர்த்தால் கட்டணமா, முழுத் தொகையும் கடன் எல்லையை அடைத்துக்கொள்ளுமா என்பதைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

விமானச் சீட்டுக்கு மாற்றக்கூடிய ‘மைல்’களைத் தரும் அட்டைகள் இங்கே அரிதாகத்தான் பயன்படும். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பவை இந்திய நிறுவனங்கள், இலங்கை விமான சேவையின் மைல் திட்டத்தில் சேரும் அட்டையால் அந்தப் பயணத்துக்குப் பயனில்லை. சென்னையில் அட்டையைப் போட்டால் நாணய மாற்றில் வங்கியின் மேலதிக வீதமும் முத்திரைத் தீர்வையும் சேரும், அதற்கு முன்னால் புள்ளி எம்மாத்திரம்? அங்கே மெசின் ‘இலங்கை ரூபாவா, இந்திய ரூபாவா’ என்று கேட்டால் இந்திய ரூபாவையே அழுத்துங்கள். மற்றது வழமையாகக் கூடுதல் விலையில் மாற்றும்.

எந்த அட்டை எடுத்தாலும் அது கிறிப் என்று எல்லோரும் சொல்லும் கடன் தகவல் பணியகத்தில் பதிவாகும். அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை, நீங்கள் நேரத்துக்குக் கட்டினீர்களா என்ற வரலாறுதான் இருக்கிறது. நாளைக்கு உழவு இயந்திரத்துக்கு லீசிங் கேட்கும்போது அந்த வரலாற்றைத்தான் பார்ப்பார்கள். மேசைக்குள் கிடக்கும் பாவிக்காத அட்டையின் எல்லையும் அதில் தெரியும்.

‘உங்கள் புள்ளிகள் இன்று காலாவதி, இணைப்பை அழுத்துங்கள்’ என்று குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடுங்கள். புள்ளியை மாற்ற அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கத்தையோ, தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணையோ யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள்.

நிபந்தனைப் பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள், தராமல் கையொப்பம் கேட்டால் போட வேண்டாம். பிணக்கு வந்தால் முதலில் கிளைக்கு எழுத்தில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற எண்ணில் அழைக்கலாம். அட்டை வேண்டாம் என்றால் வெட்டி எறிவதால் கணக்கு மூடாது. மிச்சப் புள்ளியை மாற்றி, நிலுவையைக் கட்டி, எழுத்தில் விண்ணப்பித்து, நிலுவை இல்லை என்ற கடிதத்தை வாங்கி வையுங்கள். அடுத்த ஆண்டுக் கட்டணம் விழும் மாதத்துக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.