"உனக்காக வேண்டிக்கிறேன்"னு ஒருத்தர் சொன்னா உடம்புக்குள்ள என்ன நடக்குது?

அப்பாவுக்கு பைபாஸ் தேதி குறிச்சதும் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வீட்டுக்கு வந்தாங்க. பெரிய அத்தை ஒரு மஞ்சத்துணில 11 ரூபா காச முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வச்சுட்டு, பேப்பர்ல மடிச்சு கொண்டுவந்த திருநீற அப்பா நெத்தில பூசிவிட்டு "குலசாமிக்கு நேந்துருக்கேன்டா தம்பி, ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. அப்பா ரொம்ப நேரம் அவங்க கைய விடல. அன்னைக்கு சாயங்காலம் அவரோட பழைய ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணி "சார், நாங்க எல்லாரும் உங்களுக்காக பிரேயர் பண்றோம்"னு சொன்னாரு, அவரும் நல்ல மனசோடதான் சொன்னாரு, ஆனா போன வச்சதும் அப்பா என்னைப் பாத்து "டாக்டர் உன்கிட்ட தனியா ஏதும் சொன்னாராப்பா?"ன்னு கேட்டாரு.

கிட்டத்தட்ட ஒரே வார்த்தைதான். ஒண்ணு தைரியம் குடுத்துச்சு, இன்னொண்ணு பயத்த கெளப்பிடுச்சு. இது ஏன்னு தேடிப் படிச்சப்ப அமெரிக்கால இதே பைபாஸ் நோயாளிகள வச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துருக்குன்னு தெரிஞ்சுது. ஹெர்பர்ட் பென்சன்ங்கிற டாக்டரோட குழு பண்ணது, 2006ல வெளியாச்சு. 6 ஆஸ்பத்திரி, 1802 நோயாளிங்க, மூணு குரூப்பா பிரிச்சாங்க. முதல் ரெண்டு குரூப்புக்கும் "உங்களுக்காக ஜெபம் பண்ணலாம், பண்ணாமலும் இருக்கலாம்"னு மட்டும் சொன்னாங்க, அதுல ஒரு குரூப்புக்கு நெஜமாவே ஜெபம் நடந்துச்சு, இன்னொண்ணுக்கு நடக்கல. மூணாவது குரூப்புகிட்ட "உங்களுக்காக கண்டிப்பா ஜெபம் பண்ணுவாங்க"ன்னு முன்னாடியே சொல்லிட்டு அதே மாதிரி பண்ணாங்க. ஜெபம் பண்ணவங்க வேற ஊர்ல இருந்த கிறிஸ்தவ ஜெபக்குழுக்கள், நோயாளிய பாத்ததே இல்ல, பேரும் இனிஷியலும்தான் தெரியும், 14 நாள் ஜெபம் பண்ணாங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் சிக்கல் வந்தது முதல் குரூப்ல 52 சதவீதம் பேருக்கு, ரெண்டாவதுல 51. அதாவது ஒரு வித்தியாசமும் இல்ல. ஆனா கண்டிப்பா ஜெபம் உண்டுன்னு தெரிஞ்சிருந்த மூணாவது குரூப்ல 59 சதவீதம்!

இது தற்செயலாவும் இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணவங்களே சொல்லிட்டாங்க, அதனால இத வச்சு யாரும் வேண்டுதல் கெட்டதுன்னு முடிவு கட்டிட கூடாது. ஆனா அவங்கள்ல ஒரு டாக்டர் சொன்ன விளக்கம் என்னை உலுக்கிடுச்சு. ஜெபக்குழுவ கூப்பிடுற அளவுக்கா நம்ம நெலமை மோசமா இருக்குன்னு நோயாளி நெனச்சிருக்கலாம்னாரு. அப்பா என்கிட்ட கேட்டதும் அதேதானே.

அந்த சிக்கல்கள்ல அதிகமா வந்தது இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுறது. பயம் வந்தா மூளைல இருக்குற ஹைபோதலாமஸ் உடம்பு முழுக்க தயாரா இருன்னு உத்தரவு போடும், சிறுநீரகத்துக்கு மேல இருக்குற சுரப்பி அட்ரினலின விடும், துடிப்பு ஏறும், பிரஷர் ஏறும். நல்லா இருக்குற இதயம் தாங்கிக்கும், ஆனா அப்பதான் தையல் போட்ட இதயத்தோட மேலறைகள் ஏற்கனவே புண்பட்டு இருக்குறதால அட்ரினலின் கூடுனா தாளம் தப்ப வாய்ப்பு அதிகம். அந்த 59க்கு காரணம் இதேதான்னு நிரூபணம் ஆகல, ஆனா பாதை இப்படி இருக்கு.

சரி, அத்தை கை மட்டும் எப்படி வேலை செஞ்சுது? அதே 2006ல ஜேம்ஸ் கோன்னு ஒருத்தர் குழு கல்யாணமான 16 பொண்ணுங்கள மூளை ஸ்கேன்ல படுக்க வச்சு, கால்ல லேசா ஷாக் வரப்போகுதுன்னு காட்டி பாத்தாங்க. தனியா இருந்தப்ப மூளைல பயம் சம்பந்தப்பட்ட பகுதிங்க பலமா வேலை செஞ்சுது, தெரியாதவர் கைய புடிச்சப்ப கொஞ்சம் அடங்குச்சு, புருஷன் கைய புடிச்சப்ப இன்னும் அடங்குச்சு. எந்த தம்பதி ரொம்ப ஒத்துமையோ அவங்களுக்கு அதிகமா அடங்குச்சு, அந்த ஹைபோதலாமஸ் உட்பட. ஷாக் என்னவோ அதே ஷாக்தான், நாம தனியா இல்லன்னு தெரிஞ்சா மூளை அத சின்னதா எடுத்துக்குது.

சொல்றது யாருங்கிறது மட்டும் இல்ல, கேக்குறவர் யாருங்கிறதும் இருக்கு. 2018ல அமெரிக்கால ஃப்ளோரன்ஸ் புயல் அடிச்சதுக்கு அப்புறம் வட கரோலினால ஒரு ஆராய்ச்சி, 2019ல வந்துச்சு. முன்பின் தெரியாத ஒரு கிறிஸ்தவர் உங்களுக்காக ஜெபம் பண்றதுக்கு எவ்ளோ மதிப்பு குடுப்பீங்கன்னு அளந்தாங்க. கிறிஸ்தவங்க சராசரியா 4.36 டாலர் மதிப்பு குடுத்தாங்க, பாதிரியார் பண்ணா 7.17 டாலர். கடவுள் நம்பிக்கை இல்லாதவங்க அந்த ஜெபம் வேண்டாம்னு சொல்றதுக்கே 3.54 டாலர் விட்டுக்குடுக்க தயாரா இருந்தாங்க. நம்பாதவருக்கு அந்த வார்த்தை "உன் நம்பிக்கைய நான் கண்டுக்கல"ன்னு கூட கேக்கலாம், அவங்க மேல தப்பு சொல்ல முடியாது.

அப்பா நம்புறவர்தான். இருந்தும் அந்த போன் ஏன் பயமுறுத்துச்சுன்னா "நாங்க எல்லாரும்"ங்கிற வார்த்தைனாலன்னு நெனைக்கிறேன், ரிட்டயர் ஆகி இத்தன வருஷம் பேசாத ஆளுங்க வரைக்கும் சேதி போயிருச்சேன்னு அவர் மனசு கணக்கு போட்டிருக்கும். அத்தை வேண்டுறது அப்படி இல்ல, அவர் எட்டாவது பாஸ் பண்ணதுக்கும் அவங்கதான் நேந்தாங்க, வண்டி வாங்குனதுக்கும் அவங்கதான்.

ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது மாசம் அந்த ஆபீஸ்காரர் நேர்ல வந்தாரு, ரெண்டு மணி நேரம் பழைய கதை பேசிட்டு கெளம்புறப்ப "இன்னும் பிரேயர்ல உங்க பேர சொல்லிட்டுதான் சார் இருக்கேன்"னாரு. இந்த தடவை அப்பா சிரிச்சுக்கிட்டே "விடாம சொல்லுப்பா"ன்னாரு.