கடைசி வரிசைக்குப் போகும் குரல்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஃபாரஸ்ட் பார்க் என்றொரு பெரிய பூங்கா. அதற்குள் மரங்களுக்கு நடுவே, தலைக்கு மேல் வானம் மட்டுமே கூரையாக, மூனி அரங்கம் இருக்கிறது. சுமார் 11,000 பேர் உட்காரலாம். 1919இலிருந்து கோடைக்காலங்களில் இங்கே இசைநாடகங்கள் நடந்து வருகின்றன. அமெரிக்க நாடக உலகின் டோனி விருதுகளில் வட்டார அரங்குக்கான விருது 2025இல் இதற்குக் கிடைத்தது. கடைசி ஒன்பது வரிசைகளில் உள்ள சுமார் 1,500 இடங்களுக்குக் கட்டணம் கிடையாது. முதலில் வந்தவருக்கு இடம். காசு கொடுக்காமல் அங்கே உட்கார்ந்திருப்பவர் காதில் மேடை வசனம் எப்படிச் சிதையாமல் விழுகிறது என்பது யோசித்துப் பார்த்தால் சாதாரண விஷயமில்லை.

மேடையில் 'ஷோ போட்' நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெரோம் கெர்னின் இசையில் 1927இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக வட்டாரத்தில் அரங்கேறிய நாடகம். மிசிசிப்பி ஆற்றில் ஊர் ஊராகப் போகும் நாடகப் படகின் கதை. செயின்ட் லூயிஸே அந்த ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் என்பதால் மூனி இதைப் பலமுறை மேடையேற்றியதில் வியப்பில்லை. அது முதலில் அரங்கேறிய காலத்தில் நடிகர்கள் மைக் இல்லாமல்தான் பாடினார்கள். மூடிய கொட்டகையில் சுவரும் கூரையும் குரலைத் திருப்பி அனுப்பி உதவி செய்யும். திறந்தவெளியில் அந்த உதவி இல்லை. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் (ஒலியளவின் அலகு) குறையும், அதாவது செறிவு கால் பங்காகும். 5 மீட்டரில் கேட்கும் குரலின் செறிவு 80 மீட்டரில் 256இல் ஒரு பங்காகிவிடும்.

ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். எங்கள் ஊர்த் திருவிழாவில் தெரு முழுக்கக் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். ஒரே பாட்டு நான்கு கம்பத்திலிருந்து நான்கு முறை வந்து சேரும். இசை புரியும், சொல் புரியாது. காரணம் எளிது. மின்கம்பி வழியாக எல்லாக் கம்பங்களுக்கும் பாட்டு ஒரே நேரத்தில் போய்விடுகிறது. அங்கிருந்து காதுக்கு வரவேண்டிய ஒலிதான் காற்றில் நடந்து வருகிறது, விநாடிக்குச் சுமார் 346 மீட்டர் வேகத்தில்.

மூனி போன்ற அளவுள்ள ஓர் அரங்கில் மேடையிலிருந்து 80 மீட்டர் தள்ளி ஒருவர் இருக்கிறார், அவருக்கு 10 மீட்டர் முன்னால் ஒரு ஒலிபெருக்கிக் கம்பம் இருக்கிறது என்று கொள்வோம். கம்பத்தின் ஒலி அவரை 29 மில்லி விநாடியில் தொடும். மேடையருகே உள்ள ஒலிபெருக்கியின் ஒலி 231 மில்லி விநாடியில் வரும். நடுவில் சுமார் 200 மில்லி விநாடி இடைவெளி, அதாவது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்கும். ஆகவே கம்பத்துக்குப் போகும் ஒலியைக் கருவியில் ஏறத்தாழ 200 மில்லி விநாடி நிறுத்திவைத்து, அப்புறம்தான் விடுகிறார்கள். இரண்டும் ஒன்றாக வந்து சேரும்.

ஆனால் அதோடு விடுவதில்லை. இன்னும் 10, 15 மில்லி விநாடி கூடுதலாகத் தாமதிக்கிறார்கள். இதன் பின்னால் இருப்பது நம் மூளையின் ஒரு பழக்கம். ஒரே ஒலி இரு திசைகளிலிருந்து மிகச் சிறிய இடைவெளியில் வந்தால், முதலில் வந்தது எந்தத் திசையோ அதையே மூளை பிறப்பிடமாக எடுத்துக்கொள்கிறது. பிந்தி வந்ததைத் தனி ஒலியாக எண்ணாமல் முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது. 1949இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக ஆய்வேட்டில் ஹெல்முட் ஹாஸ் இதை அளந்து காட்டினார். பிந்தி வரும் ஒலி 10 டெசிபெல் வரை உரக்க இருந்தாலும் ஏமாற்று பலிக்கிறது. அதாவது, கடைசி வரிசைக்காரர் கேட்கும் சத்தத்தில் பெரும்பங்கு பக்கத்துக் கம்பத்திலிருந்து வருகிறது. அவரோ மேடையில் நிற்கும் பாடகர் வாயிலிருந்து வருவதாகச் சத்தியம் செய்வார்.

இதில் ஒரு விலை உண்டு. கடைசி வரிசைக்குக் குரல் உதட்டசைவைவிடக் கால் விநாடி பிந்தித்தான் போகும். அத்தனை தூரத்தில் உதடு யாருக்குத் தெரிகிறது? காலணியால் தரையைத் தட்டி ஒலி எழுப்பும் டாப் நடனத்தில்தான் குட்டு உடையும்: கால் தரையில் பட்ட பிறகு சத்தம் வரும்.

வெப்பநிலையும் கணக்கில் புகுந்துவிடுகிறது. ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் மாறும். நாடகம் தொடங்கும்போது 32 டிகிரியும் முடியும்போது 25 டிகிரியும் இருந்தால், 80 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 3 மில்லி விநாடி நழுவும். அற்பம்தான், ஆனால் மாலையில் செய்த கணக்கு இரவில் அப்படியே பொருந்தாது.

மேடையில் இருப்பவர்களுக்கும் இதே தொல்லை. இசைக்குழு மேடையின் காலடியில் உட்கார்ந்திருக்கிறது. 25 மீட்டர் பின்னால் நிற்கும் குழுப் பாடகர்களுக்கு அந்த இசை 72 மில்லி விநாடி பிந்திப் போகும். அதைக் கேட்டுப் பாடினால், அவர்கள் பாட்டு இசைக்குழு நடத்துனருக்குத் திரும்பி வர இன்னும் 72 ஆகும், தாளம் தள்ளாடும். ஆகவே பாடகர்கள் அருகிலேயே சிறு ஒலிபெருக்கிகளை வைக்கிறார்கள், நடத்துனரின் கோலைக் கேமரா வழியே திரையில் காட்டுகிறார்கள். புதிய தட்டைத் திரைகள் சில படத்தைக் காட்டுவதற்கே பல மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். அதனால் பல அரங்குகள் பழைய குண்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வெகுகாலம் விடாமல் வைத்திருந்தன.

எனக்கு மிகப் பிடித்தது ஒலிக்கலவை மேசையில் நடக்கும் வேலை. இன்றைய இசைநாடகத்தில் பேசும் நடிகர் ஒவ்வொருவருக்கும் தனி மைக்; அரிசி மணியை விடச் சற்றே பெரியது, நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் ஒளிந்திருக்கும். மேசையில் இருப்பவர் பக்கத்தில் வசனப் பிரதி. யார் பேசப்போகிறாரோ அவர் மைக்கை மட்டும் வரிக்கு வரி திறந்து மூடுகிறார். எல்லாவற்றையும் திறந்தே வைத்தால் என்ன ஆகும் என்பது கட்டியணைக்கும் காட்சியில் தெரியும். நாயகன் பேசுகிறான். அவன் குரல் அவன் மைக்கிலும் விழுகிறது, 17 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து நாயகியின் மைக்கிலும் விழுகிறது. அரை மில்லி விநாடி வித்தியாசம். 1,000 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 1,000 முறை அதிரும் ஒலியில், இது சரியாக அரை அலை; அதனால் ஓர் அலையின் முகடும் மற்றதன் பள்ளமும் நேருக்கு நேர் வந்து ஒன்றையொன்று அழிக்கும். 3,000, 5,000 ஹெர்ட்ஸிலும் அப்படியே. வரைபடத்தில் பார்த்தால் பல் பல்லாகச் சீப்பு போல இருக்கும். கேட்பவருக்குக் குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போலிருக்கும். தலை அசைய அசைய அந்தப் பற்களும் நகரும்.

அதனால் நாயகி அவன் தோளில் சாயும் கணத்தில் மேசையில் ஒரு விரல் அவள் மைக்கின் ஒலியளவைக் கீழே இறக்கிவிடுகிறது. இருவர் பேச்சையும் அவன் நெற்றியில் உள்ள மைக்கே வாங்கிக்கொள்கிறது. அவள் விலகி, அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பதற்குள் விரல் மறுபடி மேலே போயிருக்கும்.