சீட்டை அமுக்கிப் பார்த்து ஏடிவி வாங்காதீர்கள்

போன வாரம் ஒருவர் தன் ஏடிவியை (காடு மேடு எல்லாம் ஏறும், பருத்த டயர் போட்ட நான்கு சக்கர வண்டி) டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. "சீட்டை மாற்றிக் கொடுங்க, அரை மணி ஓட்டினால் இடுப்பு விட்டுப்போகிறது" என்றார். சீட்டின் மேல் ஏற்கெனவே ஒரு ஜெல் மெத்தை, அதற்கு மேல் தடிமனாக ஓர் உறை. நான் சீட்டைத் தொடவே இல்லை. குனிந்து டயரில் காற்றளக்கும் கேஜை வைத்தேன். 22 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு). அந்த வண்டியின் ஸ்டிக்கரில் போட்டிருப்பது 5.

"காருக்கே 32 வைக்கிறோம், இதற்கு 22தானே வைத்தேன்?" என்று கேட்டார். அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். மூன்று பேரும் வந்தது சீட் மாற்ற. மூன்று பேருக்கும் நான் செய்தது காற்றை இறக்கியதுதான். அதற்குக் காசு வாங்க மனசு வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

முதலில் காற்று விஷயத்தை முடித்துவிடுகிறேன். பெரும்பாலான ஏடிவி டயர்கள் 4 முதல் 8 பிஎஸ்ஐ வரையிலான காற்றில் ஓட வேண்டியவை. அவ்வளவு குறைந்த காற்றில்தான் டயர் கல்லைச் சுற்றி மடங்கும், வேரை விழுங்கும். 1970இல் ஹோண்டா விற்ற முதல் மூன்று சக்கர வண்டியில் ஸ்பிரிங்கும் கிடையாது, துள்ளலை அடக்கும் ஷாக்கும் கிடையாது. பலூன் மாதிரி உப்பிய அந்த டயர்தான் மொத்த சஸ்பென்ஷனும், அதாவது குலுக்கலைத் தாங்கும் அமைப்பும். இன்றைக்கு ஸ்பிரிங், ஷாக் எல்லாம் வந்துவிட்டாலும் சின்னச் சின்ன அதிர்வை முதலில் வாங்கிக்கொள்வது டயர்தான். அதைக் கல்லாக்கிவிட்டு மேலே மெத்தை போட்டு என்ன பயன்?

இன்னொரு சிக்கல். காரில் 2 பிஎஸ்ஐ கூடினால் யாருக்கும் தெரியாது. 5இல் நிற்க வேண்டிய டயரில் 2 கூடினால் அது நாற்பது சதவீதம். அதனால் கார் கேஜ் இதற்கு உதவாது. பல கேஜ்களில் 10க்குக் கீழே முள் நம்பும்படி அசைவதே இல்லை. குறைந்த அழுத்தம் அளக்கும் சின்ன கேஜ் ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு முன்னால், டயர் சூடாகாதபோது பாருங்கள். டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்றடிக்காதீர்கள். பல டயர்களில் அது, ரிம்மில் டயரை உட்கார வைக்கும்போது தாண்டக் கூடாத உச்ச அளவு. வண்டியின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளதுதான் உங்களுக்கு. அதற்காக இன்னும் குறைத்தால் இன்னும் சுகம் என்று 2க்கு இறக்கிவிடவும் வேண்டாம். ரிம் கல்லில் இடிக்கும், திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று வரும்.

சரி, இப்போது என்னை உண்மையிலேயே எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். ஷோரூமுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். சீட்டைக் கட்டைவிரலால் அமுக்குகிறார்கள். பின்பக்க ரேக்கை இரண்டு கையாலும் அழுத்துகிறார்கள். வண்டி மெத்து மெத்தென்று இறங்கினால் முகம் மலர்கிறது. "ஆகா, என்ன சுகமான வண்டி!" விற்பவரும் தலையாட்டுகிறார். அவருக்கு என்ன?

கையால் அழுத்தும்போது நீங்கள் பார்ப்பது சஸ்பென்ஷனின் முதல் ஒன்றிரண்டு அங்குலத்தை மட்டும்தான். தோட்டம், பாரம் என்று வேலைக்கு ஓட்டும் நல்ல ஏடிவி ஒன்றின் பின்சக்கரம் எட்டு, ஒன்பது, சிலவற்றில் பத்து அங்குலம் வரை ஏறி இறங்கும். முதுகை உடைப்பது அந்தக் கடைசி அங்குலம். ஸ்பிரிங் மிக மென்மையாக இருந்தால், பள்ளத்தில் விழுந்த வேகத்தில் சக்கரம் மொத்த தூரத்தையும் நொடியில் தின்றுவிட்டு முட்டி நிற்கும். 'டொம்' என்று ஒரு சத்தம் வரும். அந்த நேரத்தில் சஸ்பென்ஷனே இல்லாத வண்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். ஷோரூமில் வெண்ணெயாக இருந்த வண்டி காட்டுப் பாதையில் சம்மட்டியாக மாறுவது இப்படித்தான். கையில் கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்த வண்டி அதே பள்ளத்தில் அமைதியாக இறங்கி ஏறிவிடும்.

சீட்டும் அப்படியே. ஃபோம் ஒரு சில அங்குலம்தான். மிக மென்மையான ஃபோம் முதல் பத்து நிமிடம் சொர்க்கம். அப்புறம் முழுவதுமாக அமுங்கி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் மேல்தான் உட்கார்ந்திருப்பீர்கள். ஜெல் மெத்தைக்காரருக்கு நடந்தது இன்னொன்று: மெத்தை அவரை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டது, முழங்கால் டேங்கைப் பிடிக்க முடியவில்லை, ஒவ்வொரு குலுக்கலிலும் உடம்பு தனியாக ஆடியது. அவர் காசு கொடுத்து வலியை வாங்கியிருக்கிறார்.

மென்மை வேறு, சுகம் வேறு. நூறு தடவை சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? உங்கள் எடையை. இதை யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இருவர் ஒரே மாடலை ஒரே நாளில் வாங்கினார்கள். அண்ணன் 110 கிலோ, தம்பி 58. ஆறு மாதம் கழித்து அண்ணன் "படகு மாதிரி ஆடுகிறது, அடிக்கடி இடிக்கிறது" என்கிறார். தம்பி "கருங்கல்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது" என்கிறார். இரண்டும் உண்மை. தொழிற்சாலையில் யாரோ ஒரு நடுத்தர எடை ஆளை மனதில் வைத்துத்தான் ஸ்பிரிங் போடுகிறார்கள். அந்த ஆள் நீங்கள் இல்லை.

நீங்களே ஒரு டேப்பை வைத்துப் பார்க்கலாம். வண்டியைத் தூக்கி, பின்சக்கரம் தரையைவிட்டுத் தொங்கும் நிலையில், சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே ரேக்கின் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு தரையில் இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ், வழக்கமாக ஏற்றும் சாமான் எல்லாவற்றோடும் உட்காருங்கள். இன்னொருவரை அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சக்கரம் மொத்தம் ஏறி இறங்கும் தூரத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் இருந்தால் நல்லது. பத்து அங்குலம் என்றால் இரண்டரை முதல் மூன்றேகால் வரை. அதைவிட அதிகம் அமுங்கினால், ஷாக்கில் ஸ்பிரிங்கைச் சுற்றியிருக்கும் வளையத்தை இறுக்க வேண்டும். குறைவாக அமுங்கினால் தளர்த்த வேண்டும். அதற்கான கொக்கி ஸ்பேனரைப் பல கம்பெனிகள் டூல் பையிலேயே வைத்துத் தருகின்றன. என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் அது பிளாஸ்டிக் உறையோடு புதுசாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு தொழில் ரகசியம்: வளையத்தைத் திருகினால் வண்டி நிற்கும் உயரம்தான் மாறும், ஸ்பிரிங்கின் பலம் மாறாது. முழுக்க இறுக்கியும் வண்டி தரையைத் தொடுகிறது என்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டியதுதான். வாங்கும் மாடலில் நான்கு ஷாக்குமே சரிசெய்யக்கூடியவையா என்று கேளுங்கள். அடிப்படை மாடல்களில் முன்பக்கத்தில் அந்த வசதி இல்லாமல் போவதுண்டு.

அடுத்தது பின் ஆக்ஸில், அதாவது பின்சக்கரங்களை இணைக்கும் தண்டு. ஒரே தண்டாக இருக்கும் ஆக்ஸிலில் ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால் பின்பக்கம் மொத்தமும் சாயும், உங்கள் இடுப்பும் கூடவே சாயும். இரண்டு சக்கரமும் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷனில் கல்லில் ஏறிய சக்கரம் மட்டும் ஏறும். 1996இல் போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 500 அப்படி வந்தபோதுதான் நாளெல்லாம் ஏடிவியில் உட்காருகிறவர்களுக்கு விடிவு பிறந்தது. சுகமான சவாரிதான் முதல் தேவை என்றால் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை: தனித்தனிச் சஸ்பென்ஷன். ஒற்றைத் தண்டு மோசம் என்று சொல்லவில்லை. பாரம் இழுக்கும்போது அது பின்னால் அமுங்கிக் குழையாது, பராமரிப்பும் குறைவு. பந்தய வகை ஏடிவிகள் அதைத்தான் விரும்புகின்றன. ஆனால் அவற்றின் ஷாக் வேகத்துக்கும் தாவுவதற்கும் அமைத்தது. தோட்டத்தைச் சுற்றி மெதுவாக ஓட்டினால் உங்களைக் குத்திக்கொண்டே இருக்கும். மகனுக்குப் பிடித்திருக்கிறது என்று அதை வாங்கிவிட்டு என்னிடம் வந்து புலம்பாதீர்கள்.

பெரிய ரிம் அழகுதான். 26 அங்குல டயரில் 12 அங்குல ரிம் இருந்தால் நடுவில் ஏழு அங்குல ரப்பர் கிடைக்கும். 14 அங்குல ரிம்முக்கு மாற்றினால் ஆறு. அழகுக்கு ஓர் அங்குல மெத்தையைக் கொடுக்கிறீர்கள். எட்டு அடுக்கு டயரும் அப்படியே. முள், கூர்ங்கல் நிறைந்த இடத்தில் ஓட்டுகிறவருக்கு அது தேவை, மற்றவர்களுக்கு வீண் விறைப்பு. வண்டியை உயர்த்தும் கிட் போட்டுக்கொண்டு வந்து "ஏன் இப்படி உதறுகிறது?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: கழற்றுங்கள்.

கை வலி, தோள் வலி என்பவர்கள் பவர் ஸ்டீயரிங் உள்ளதைப் பாருங்கள். 2007 மாடல் யமஹா கிரிஸ்லி 700இல் வந்தபோது அதைச் சோம்பேறிகளின் வசதி என்று நானே கிண்டல் செய்தேன். கல் பாதையில் ஹேண்டில்பார் கையைப் பிடுங்குவது நின்றதும் வாயை மூடிக்கொண்டேன்.

இதையெல்லாம் வெறும் சொகுசுப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். உட்கார்ந்திருக்கும் மனித முதுகெலும்பு, நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் மேல்கீழ் அதிர்வில்தான் அதிகமாகக் குலுங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இலேயே வேலை செய்பவர்களின் உடம்பு முழுவதும் வாங்கும் அதிர்வுக்குத் தினசரி வரம்பு வைத்துச் சட்டம் போட்டது. தினமும் நான்கைந்து மணி நேரம் இந்த வண்டியில் வேலை பார்ப்பவர் தன் முதுகை இதில் முதலீடு செய்கிறார். வலி வந்த பிறகு வண்டியை மாற்றினாலும் முதுகை மாற்ற முடியாது.

ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். வாசலில் ஒரு வட்டம் போடுவது கணக்கில் வராது. குண்டும் குழியுமான தரையில் குறைந்தது இருபது நிமிடம். முதலில் கேஜால் காற்றைப் பாருங்கள். கடைகளில் அதிகமாக அடித்து வைத்திருப்பது சகஜம். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மெதுவாகக் கல்மேல் ஏற்றி இறக்குங்கள். எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி ஓட்டுங்கள். நின்றால் ஹேண்டில்பார் எட்டுகிறதா, குனிய வைக்கிறதா? பெரிய குழிகளுக்கு எழுந்து நிற்கப் பழகியவருக்கு எந்த வண்டியும் பாதி சுகமாகிவிடும். கால்தான் உலகத்திலேயே நல்ல ஷாக் அப்சார்பர்.

ஒரு வேண்டுகோள். சவாரி மிருதுவாக இருக்கிற வண்டியில் வேகம் தெரியாது. ஹெல்மெட் போடுங்கள். சீட் நீளமாக இருப்பது ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றத்தான், பின்னால் ஒருவரை ஏற்ற அல்ல. இருவருக்கென்றே செய்த வண்டி என்றால் மட்டும் இருவர் போங்கள். பெரியவர்களுக்கான வண்டியில் 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஓட்ட விடாதீர்கள். வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது, தயவுசெய்து படியுங்கள். தார்ச்சாலையில் ஓட்டாதீர்கள். இந்த டயர் அதற்குச் செய்ததில்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு மட்டும், நான் இவ்வளவு நேரம் திட்டிய அந்த அமுக்கிப் பார்க்கும் வேலை பயன்படும். ரேக்கை அழுத்தி விடுங்கள். ஒரே தடவை எழும்பி நின்றால் ஷாக்கில் உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று தடவை துள்ளினால் போய்விட்டது. ஷாக்கின் கம்பியில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். 'டக் டக்' என்றால் பேரிங்கோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கிறது. அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.