சாங்ஷன் என்றால் அனுமதியா, தடையா?

‘லோன் சாங்ஷன் ஆயிடுச்சு’ என்றால் தண்டையார்பேட்டையில் யாருக்கும் பொருள் புரியும். அதே சொல் ஆங்கிலப் பேப்பரில் ‘ரஷ்யா மீது சாங்ஷன்ஸ்’ என்று வரும்போதுதான் குழப்பம். அங்கே அது பொருளாதாரத் தடை. பன்மையில் வந்தால் பெரும்பாலும் தடைதான். ‘ஓவர்சைட்’டும் இதே ரகம்: மேற்பார்வையும் அதுதான், கவனக்குறைவால் விட்டுப்போனதும் அதுதான்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நோட்டில் இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் ஒற்றைத் தமிழ்ச் சொல் என்று நாளுக்கு ஐம்பது எழுதுகிறார்கள். இந்த ஒற்றைச் சொல்தான் காலை வாருகிறது. அகர வரிசைப் பட்டியல் இன்னும் மோசம். ‘இன்ஜீனியஸ்’ என்றால் சாமர்த்தியமான. ‘இன்ஜென்யுவஸ்’ என்றால் சூதுவாது தெரியாத. இரண்டையும் ஒரே நாளில் படித்தால் எது எதுவென்று தேர்வறையில் மறந்துபோகும். ஒன்று பழகி ஒரு வாரம் போகட்டும், பிறகு மற்றது.

நாளுக்கு ஐந்து சொல் போதும். உள்ளங்கை அளவு அட்டை எடுங்கள். முன்பக்கம் சொல்லை எழுதாதீர்கள். அது வரும் வாக்கியத்தை எழுதி, சொல்லுக்குப் பதில் கோடு போடுங்கள். பின்பக்கம் சொல், பொருள், கூடவே வரும் சொற்கள். ‘மிட்டிகேட்’ (பாதிப்பைக் குறைத்தல்) அட்டையில் ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட் இருக்க வேண்டும். ‘மிட்டிகேட் அகெய்ன்ஸ்ட்’ என்று பலர் எழுதுவது பிழை, அங்கே வர வேண்டியது ‘மிலிட்டேட்’, அதாவது எதிராக வேலை செய்தல்.

அட்டையை 1, 3, 7, 15ஆம் நாட்களில் திருப்பிப் பாருங்கள். படித்தது முதல் ஒன்றிரண்டு நாளில்தான் வேகமாக மறக்கும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்மீதே சோதித்து எழுதிவிட்டார். அதனால் மறுநாள் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. வாயால் விடை சொன்ன பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும். தப்பினால் மறுபடி முதல் நாள் கணக்கு. சும்மா திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஹார்பர் வேலை பார்க்கும் வீட்டில் ‘டெமரேஜ்’ சகஜமான பேச்சு: இலவச நாட்கள் தாண்டியும் கண்டெய்னர் டெர்மினலில் கிடந்தால் கட்டும் பணம். தாமதித்தல் என்ற பழைய பிரெஞ்சு வேரிலிருந்து வந்த சொல். அதே வேர்தான் ‘டிமர்’, அதாவது தயங்கி ஆட்சேபித்தல். வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்ஈ தேர்வின் சொற்பட்டியலில் அதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

காசிமேட்டுக் கட்டுமரம்கூட ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆகியிருக்கிறது. ஆனால் இன்று அந்த மொழியில் அதற்குப் பொருள் இரட்டை உடல் படகு. மரங்களைச் சேர்த்துக் கட்டியது அல்ல. தேர்வில் வந்தால் ஆங்கிலப் பொருளையே குறியுங்கள்.