டிரம் கோர்: முரசுப் படையா, அணிமேளமா?

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில். இங்கே பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் பேண்டில் ட்ரம்பெட்டோ டிரம்மோ வாசிக்கிறார்கள். அவர்களுக்காக ஆகஸ்ட் மாதம் வந்தால் ஊர்த் தமிழர்களின் மின்மடல் ஒன்றில் ஓர் அறிவிப்பு வரும். கடைசியாக வந்தது இப்படி இருந்தது: "பெரிய, சத்தமான, உயிருள்ள! முரசுப் படை திரைப்படம், வியாழன் மாலை, அருகிலுள்ள திரையரங்கில்."

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் அதைப் படித்துவிட்டு, "யுத்தப் படமா மாப்பிள்ளை? பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. முரசு, படை, திரைப்படம் என்று மூன்று சொல்லை வரிசையாக அடுக்கினால் தமிழ் தெரிந்த யாருக்கும் யுத்தப் படம்தான் மனதில் வரும். அந்த அறிவிப்பைத் தமிழில் எழுதாமலே விட்டிருந்தால்கூட அவருக்கு விஷயம் இன்னும் கொஞ்சம் தெளிவாகப் புரிந்திருக்கும். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. டிரம் கோர் என்ற இசைக் கலைக்குத் தமிழில் வைத்த இந்த 'முரசுப் படை'யை நாலைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். இனி எழுதிவிடுவதுதான் சரி.

முதலில் பொருள். டிரம் கோர் என்பது 'டிரம் அண்ட் பியூகிள் கோர்' என்ற பெயரின் சுருக்கம். பித்தளை ஊதுகருவிகளும் தாளக் கருவிகளும் கொடி வீசும் அணியும் சேர்ந்து, கால்பந்து மைதானத்தில் நடந்துகொண்டே, ஓடிக்கொண்டே, வடிவம் மாறி மாறிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிகழ்த்தும் கலை அது. கிளாரினெட், புல்லாங்குழல், சாக்ஸபோன் கிடையாது. பள்ளி, கல்லூரி மார்ச்சிங் பேண்டில் அவை உண்டு. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

அடுத்து, சொல் வந்த வழி. 'டிரம்' ஒலிக்குறிப்புச் சொல். அதில் பெரிதாகத் தோண்ட ஒன்றும் இல்லை. 'கோர்' இலத்தீன் மொழியின் 'கார்பஸ்', அதாவது உடல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் corps என்று எழுதினாலும், கடைசியாக நிற்கும் இரண்டு மெய்யும் உச்சரிப்பில் வராது. ஒருமையில் கோர், பன்மையில் கோர்ஸ். தமிழில் 'டிரம் கார்ப்ஸ்' என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். ஆங்கிலத்தில் பிணத்துக்கு உரிய ஒலி அது. நாம் மாநகராட்சியைக் கார்ப்பரேஷன் என்கிறோமே, அதற்கும் இதே வேர்தான். பலர் சேர்ந்து ஓர் உடல் ஆவது என்பதே அடிப்படைக் கருத்து. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

'பியூகிள்' மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். இலத்தீனில் இளங்காளையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. காளையின் கொம்பில் செய்த ஊதுகருவிக்கு அந்தப் பெயர் ஏற்பட்டு, பிறகு பித்தளையில் செய்தபோதும் பெயர் மாறவில்லை. தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? கொம்பு. மாட்டின் தலையில் இருப்பதும் கொம்பு, கோயில் திருவிழாவில் ஊதுவதும் கொம்பு. இரண்டு மொழியும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் தட்டில் வைத்துக் கொடுத்தது போலக் கிடைத்த சொல் இது. முரசுப் படையில் அந்தக் கொம்பு எங்கே? அப்படியே காணாமல் போய்விட்டது.

இனி அந்தச் சொல்லுக்கே வருவோம். 'படை' எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது கடினம் இல்லை. என்.சி.சி. என்பதைத் தேசிய மாணவர் படை என்கிறோம். அந்தச் சுருக்கத்தின் கடைசி எழுத்து இதே கோர்தான். பள்ளியில் காக்கி உடுப்பு போட்டுப் பழகியவர்களுக்குக் கோர் என்றால் படை என்பது ரத்தத்தில் ஊறியது. அங்கே அது சரியும்கூட, ஏனென்றால் அது ராணுவப் பயிற்சி. ஆனால் ஓரிடத்தில் சரியான ஈடு எல்லா இடத்துக்கும் சரி என்று நினைப்பது அகராதியைப் பார்த்துச் சமைக்கிற வேலை. பிரெஸ் கோர் என்பதைச் 'செய்தியாளர் படை' என்று யாராவது எழுதுகிறார்களா? செய்தியாளர் குழு என்கிறோம். அமெரிக்கா 1961-இல் தொடங்கிய பீஸ் கோர் அமைப்பை 'அமைதிப் படை' என்று எழுதுகிறார்கள். வெளிநாட்டுக் கிராமங்களில் பாடம் சொல்லிக்கொடுக்கவும் கிணறு வெட்டவும் போன தொண்டர்கள் அவர்கள். தமிழில், அதுவும் ஈழத் தமிழர் காதில், 'அமைதிப் படை' என்ற சொல் 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய ராணுவத்தைத்தான் குறிக்கும். அந்த மூன்று ஆண்டு நினைவை யாரும் அழிக்க முடியாது. துப்பாக்கியே தொடாத தொண்டர்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது எவ்வளவு பெரிய கவனக்குறைவு! சொல்லுக்கும் நினைவு உண்டு என்பதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் மறந்துபோகிறார்கள்.

டிரம் கோரின் தொடக்கம் ராணுவம் சார்ந்ததுதானே என்று கேட்பார்கள். ஆமாம். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள், அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் சேர்ந்து, ராணுவத்தில் மிஞ்சிய பியூகிள்களை வைத்து ஊர்வலம் போனதில் வளர்ந்தது இது. ஆனால் 1971-இல் சில குழுக்கள் அந்தச் சங்கங்களின் பிடியிலிருந்து விலகி, தங்களுக்கென்று டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பை உண்டாக்கின. அடுத்த ஆண்டே விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் ஊரில் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது. இன்று அந்தப் போட்டிகளில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் இருபத்திரண்டு வயதைத் தாண்டாத பிள்ளைகள். கோடை முழுக்கப் பேருந்தில் ஊர் ஊராகப் போய், பள்ளி ஜிம் தரையில் படுத்துத் தூங்கி, வெயிலில் நாள் முழுக்கப் பழகுகிறார்கள். அவர்களைப் பார்த்துப் படை என்றால் எனக்கு மனது ஒப்பவில்லை.

'முரசு' அதைவிட மோசம். முரசு என்ன கருவி? அரசனுடையது, ஓரிடத்தில் வைத்து அறைவது. அதற்கென்று கட்டிலே உண்டு. முரசுகட்டில் என்று தெரியாமல் அதில் படுத்துத் தூங்கிய மோசிகீரனாருக்குச் சேரமான் கவரி வீசிய செய்தி நமக்கெல்லாம் தெரியும். ஒரு புலவர் காலை நீட்டித் தூங்கும் அளவுக்கு அதன் கட்டில் பெரிது! இடம் பெயர வேண்டுமானால் யானை மேல் ஏற்ற வேண்டும். டிரம் கோரில் பிள்ளைகள் தோளில் மாட்டிக்கொண்டு ஓடும் ஸ்னேர், டெனர், பாஸ் டிரம் எதுவும் இந்த வகை இல்லை. முரசுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் கருவி அங்கே ஒன்றே ஒன்றுதான்: டிம்பனி என்ற பெரிய கிண்ண வடிவ டிரம். அதுவோ மைதானத்தின் முன்விளிம்பில், கோலால் தட்டி வாசிக்கும் மரிம்பா, வைப்ரஃபோன் பக்கத்தில், அசையாமல் நிற்கும். நடந்துகொண்டே வாசிப்பதுதான் இந்தக் கலையின் உயிர். நடக்காத கருவியைத் தேடிப்பிடித்து அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

இந்த வழியில் போனால் அடுத்தது என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். கொடி வீசும் கலர் கார்டை 'வண்ணக் காவலர்' என்று எழுதியிருந்தார்கள். அங்கே கலர் என்பது படைப்பிரிவின் கொடி. நிறம் இல்லை. கொடியணி என்றால் முடிந்தது. கலிபோர்னியாவின் கான்கார்ட் நகரத்து புளூ டெவில்ஸ் குழுவை 'நீலப் பிசாசுகள்' ஆக்கியிருந்தார்கள். பெயர்ச்சொல்லை ஏன் தொடுகிறீர்கள்? எங்கள் மாநிலத்துக் கான்டன் நகரத்தின் புளூகோட்ஸ் குழுவுக்கு அந்தப் பெயர் வந்தது ஊர்க் காவல்துறையில் ஓய்வுபெற்றவர்களை நினைத்து. அதை 'நீலச் சட்டைகள்' ஆக்கினால் அந்தக் கதை மிஞ்சுமா?

சரி, வேறு என்ன சொல்லலாம்? 'பேண்டு வாத்தியம்' என்பது மக்கள் நாவில் இருக்கும் நல்ல சொல். ஆனால் முன்பே சொன்ன மார்ச்சிங் பேண்டுக்கு அது வேண்டும். தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'முழவணி' என்றார். காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனாலும் முழவு தோற்கருவி மட்டும்தான். கொம்பு மறுபடி வெளியே நிற்கிறது. எனக்கு நெடுநாள் ஆசையாக இருந்தது 'தாரை தப்பட்டை'. ஊதும் தாரையும் அடிக்கும் தப்பட்டையும் இணைந்த அந்தச் சொல், பியூகிளையும் டிரம்மையும் சேர்த்துச் சொன்னது போலவே இருக்கிறது. இருந்தும் விட்டுவிட்டேன். தாரையும் தப்பட்டையும் இன்றும் வாசிக்கப்படும் கருவிகள். அவற்றை வாசித்துப் பிழைக்கும் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயரை எடுத்து வேறொரு கலைக்கு ஒட்டுவது நியாயமாகப் படவில்லை.

என் விடை அணிமேளம்.

மேளம் என்றால் டிரம்தானே என்று உடனே கேட்பார்கள். கல்யாண வீட்டில் "மேளம் பேசியாச்சா?" என்று கேட்டால் யாராவது தவில்காரரை மட்டும் கூட்டி வருவார்களா? நாகசுரம், தவில், தாளம் எல்லாம் சேர்ந்ததுதான் மேளம். கோயிலின் பெரிய மேளமும் அப்படித்தான். கேரளத்துச் செண்டை மேளத்தைப் பாருங்கள்: பெயர் செண்டைக்கு, ஆனால் கொம்பும் குழலும் இலத்தாளமும் இல்லாமல் பஞ்சாரி மேளம் நிற்காது. தாளக் கருவியின் பெயரைச் சொல்லி ஊதுகருவியையும் உள்ளே கொண்டுவருவது டிரம் கோர் என்ற ஆங்கிலச் சொல் செய்யும் அதே வேலை. நமக்கு அது பழக்கமான வேலை.

தனித்தமிழ் நண்பர் இங்கே தடுப்பார். மேளம் வடமொழி வேர், கூடுதல் என்று பொருள் என்பார். இருக்கட்டும். பலர் கூடி ஓர் உடல் ஆவதுதான் கோர். அந்தக் கூடலைச் சொல்லும் சொல் நம் வீட்டுக் கல்யாணத்தில் நூற்றாண்டுகளாகப் புழங்கும்போது, தூய்மையின் பெயரால் அதை விரட்டிவிட்டு, ஒருவருக்கும் புரியாத ஒன்றை உட்கார வைக்க நான் தயாரில்லை. தூய்மையா தெளிவா என்று வந்தால் எனக்குத் தெளிவுதான். 'அணி'யோ கலப்பில்லாத தமிழ். வரிசை என்பதும் அலங்காரம் என்பதும் போட்டியில் இறங்கும் குழு என்பதும் அதில் அடங்கும். நூற்றைம்பது பேருக்கு மேல் சீருடையில் ஒரு வளைகோடாக விரிவதை மைதானத்தின் மேலிருந்து காட்டும் கேமராவில் பார்த்தவர்களுக்கு, அணி என்ற சொல்லின் பொருத்தத்தை நான் விளக்கத் தேவையில்லை.

அந்தக் கேமராவில் பார்ப்பது என்றதும் அறிவிப்பின் மீதித் தவறுகளும் நினைவுக்கு வருகின்றன. திரையரங்கில் காட்டுவதெல்லாம் திரைப்படம் ஆகாது. 2004 ஆகஸ்டில், டென்வரில் நடந்த சாம்பியன்ஷிப்பிலிருந்து ஒரு சுற்றை அமெரிக்கத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பினார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா இதே காரியத்தைத் தொடங்கியது 2006 டிசம்பரில்தான். பிக், லவுட் அண்ட் லைவ் என்பது அந்த நேரலையின் பெயர். அறிவிப்பில் 'பெரிய, சத்தமான, உயிருள்ள' ஆனது இதுதான். சாம்பியன்ஷிப் 2009-இல் இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துக்குக் குடிபெயர்ந்த பிறகும் அது தொடர்ந்தது. அங்கே ஒருவர் ஊதும் அதே நொடியில் இங்கே நமக்குக் கேட்கிறது. யாராவது கொடியைத் தவறவிட்டால் அரங்கமே 'அய்யோ' என்கிறது. முடிந்ததும் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். பழைய ஆட்டக்காரர்கள் தங்கள் குழுவின் ஜாக்கெட்டோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். இதைப் படம் என்றால் யாருக்குப் புரியும்?

லைவ் என்பதற்கு 'உயிருள்ள' என்று எழுதியதை என்ன சொல்வது! நேரலை என்ற அழகான சொல் தொலைக்காட்சியால் ஊரெங்கும் பரவி, பாட்டிமார்கள்கூடச் சொல்கிறார்கள். கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு அகராதியின் முதல் வரியை எடுத்து வைக்கும் பழக்கம் இது. லவுட் என்பது 'சத்தமான' ஆனதும் அதே கதை. பக்கத்து வீட்டு மிக்ஸி போடுவது சத்தம். எழுபது எண்பது பித்தளைக் கருவி ஒன்றாக எழும்புவதற்கு முழக்கம் என்று பெயர்.

அறிவிப்பு எழுதும் பெண்மணிக்கு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நீங்களே எழுதிக் குடுங்க அண்ணா" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "அணிமேளப் போட்டி, திரையரங்கு நேரலை. இண்டியானாபொலிஸ் மைதானத்திலிருந்து முதல் சுற்று. வியாழன் மாலை. பிள்ளைகளோடு வரலாம்."