முதுகுக்குக் கை போகவில்லையா? தயவுசெய்து முறுக்காதீர்கள்

தோள் மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரின் கையைப் பிடித்து முதுகுப் பக்கம் முறுக்காதீர்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவரிடம் கூட்டிப்போய் முறுக்க வைக்கவும் வேண்டாம். இதைப் பெரிய எழுத்தில் எங்கள் பிசியோதெரபி அறையின் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கூட வருகிறவர்கள் அதற்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு, “பின்னால இன்னும் நல்லா இழுத்து விடுங்க சார்” என்கிறார்கள்.

போன மாதம் ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி வந்தார். பீடி சுற்றுகிறவர். தோளின் தசைநார்கள் தைக்க முடியாத அளவுக்குக் கிழிந்து, சோற்றுக் கையையே தூக்க முடியாமல் இருந்தவருக்கு ரிவர்ஸ் மூட்டு, அதாவது உருண்டையையும் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைக்கிற செயற்கைத் தோள், வைத்திருந்தார்கள். தலை சீவும் உயரத்துக்குக் கை போக ஆரம்பித்துவிட்டது. ஆனால் சேலை சொருகும்போது கை இடுப்பெலும்போடு நின்றுவிடும். விரல் நுனி பாவாடை நாடாவைத் தொடும், உள்ளே போகாது. “மேல போகுய்யா, பின்னால போவ மாட்டேங்கு” என்று ஆச்சி சாதாரணமாகத்தான் சொன்னார். மகனுக்குத்தான் பொறுக்கவில்லை. அவர்கள் தெருவிலேயே இன்னொருவருக்கு இதே ஆபரேஷனாம், அவருக்கு முதுகு வரை கை போகிறதாம். வீட்டில் வைத்து இழுத்திருக்கிறார். மூட்டு நழுவிவிட்டது. மறுபடி மருத்துவமனை, மறுபடி மயக்க மருந்து.

இப்படி வருவது இது முதல் தடவை என்றால் நான் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன்.

எல்லாவற்றுக்கும் வேர் ஒரே நினைப்புதான்: “கை வரவில்லையா, எக்சர்சைஸ் பத்தவில்லை.” இது எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். நம் ஊரில் முழங்கால் மூட்டு மாற்றியவர் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். அவர்களை நாங்களே “பல்லைக் கடித்துக்கொண்டு மடக்குங்கள்” என்று விரட்டியிருக்கிறோம். சுகர் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும்போதும் நீட்டிவிட்டுத்தான் சரி செய்கிறோம். அங்கெல்லாம் தடுப்பது இறுகிய சவ்வு, அது விட்டுக்கொடுக்கும். ரிவர்ஸ் தோளில் பல சமயம் தடுப்பது சவ்வே இல்லை. கிண்ணத்தின் விளிம்பு போய்த் தோள்பட்டை எலும்பில் இடித்து நிற்கிறது. சுவரில் முட்டி நிற்கிற கதவை மேலும் தள்ளினால் கீல்தான் பிடுங்கிக்கொண்டு வரும். ஆச்சிக்கு நடந்தது அதுதான். இடிக்கிற இடத்தை எந்தப் பயிற்சியும் கரைக்காது, எந்தத் தைலமும் கரைக்காது. வலியைப் பொறுத்துக்கொண்டால் கடந்துவிடலாம் என்பதற்கு அங்கே கடக்க ஒன்றுமில்லை.

சரி, ஏன் இடிக்கிறது?

இயற்கையான தோளில் உருண்டை மேல்கை எலும்பில் இருக்கும், குழி தோள்பட்டை எலும்பில் இருக்கும். ரிவர்ஸில் இது மாற்றி வைக்கப்படுகிறது: உருண்டை தோள்பட்டைப் பக்கம், கிண்ணம் கைப் பக்கம். (எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு “டாக்டர் தலைகீழா மாட்டிட்டார்” என்று சண்டைக்குக் கிளம்பிய குடும்பமும் உண்டு. தலைகீழாக மாட்டுவதுதான் ஆபரேஷனே.) கிழிந்த தசைநார்கள் செய்த தூக்கும் வேலையை இனி டெல்டாய்டு என்ற பெரிய தோள் தசை தனியாகச் செய்ய வேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

இதற்கு வழிகாட்டியவர் பிரான்சின் டிஜோன் நகரத்து மருத்துவர் பால் கிராமோன். 1985-இல் அவர் கொண்டுவந்த வடிவத்தில் சுழற்சி மையம் உடலின் உள்பக்கமாக நகர்ந்தது, கை சற்றுக் கீழே இறங்கியது. டெல்டாய்டுக்கு நெம்புகோல் நீளம் கூடி, கை மேலே போயிற்று. அதற்கு முன்பு வந்த ரிவர்ஸ் மூட்டுகள் சீக்கிரம் கழன்றன. இது நிலைத்தது. ஆனால் அதற்கு விலை உண்டு. கை எலும்புக்குள் இறங்கும் தண்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையிலான கோணம் 155 டிகிரி, கிட்டத்தட்ட படுத்த கிண்ணம். கையை உடம்போடு ஒட்டிக் கொண்டுவந்து திருப்பும்போது கிண்ணத்தின் உள்விளிம்பு தோள்பட்டை எலும்பின் கழுத்தில் உரசும். நாளாக நாளாக அங்கே எலும்பு பள்ளமாகத் தேயும், நாட்ச்சிங் என்போம். இன்னொன்று, மையம் உள்ளே போனதால் மிச்சமிருக்கும் திருப்பும் தசைகள் தொய்ந்துபோகும். கை தூக்கும், திரும்பாது.

பிறகு அமெரிக்காவில் மார்க் ஃபிராங்கிள் போன்ற மருத்துவர்கள் மையத்தை வெளிப்பக்கம் கொண்டுவந்தார்கள். கோணமும் 145, 135 என்று நிமிர்ந்தது. உரசல் குறைந்தது, வெளிப்பக்கம் திருப்புவது பொதுவாக மேம்பட்டது. இதிலும் கணக்கு உண்டு: உருண்டை வெளியே தள்ளி நிற்க நிற்க, அதைப் பிடித்திருக்கும் திருகுகளில் சுமை கூடும். உருண்டையின் அளவும் முக்கியம். பெரும்பாலும் 36 மில்லிமீட்டரிலிருந்து 42 வரை புழக்கத்தில் இருக்கிறது. பெரிது என்றால் இடிக்காமல் நகரும் தூரம் பொதுவாகக் கூடும். ஆனால் நம் ஊர் ஆச்சிகளின் மெலிந்த தோளில் 42-ஐ வைத்தால் எல்லாம் விறைத்துப்போகலாம். சர்ஜன் உருண்டையைச் சற்றுக் கீழிறக்கி வைத்தாரா, கிண்ணத் தண்டு எலும்புக்குள் புதைந்ததா, மேலே உட்கார்ந்ததா, கை எவ்வளவு நீண்டது, இதெல்லாம் சேர்ந்துதான் அந்தத் தோள். பெட்டியில் இருக்கும் வடிவம் பாதி என்றால், அறுவை மேசையில் வைத்த இடம் மீதி.

ஆகவே “இம்போர்ட்டட் போட்டோம், அப்புறமும் ஏன் வரவில்லை” என்று கேட்காதீர்கள். விலைக்கும் முதுகு வரை கை போவதற்கும் நேர்க் கணக்கு கிடையாது. புதிய வடிவங்களிலும் முதுகுப்பக்க அசைவு ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்துத் தெருக்காரருக்கு எந்த உருண்டை, எந்தக் கோணம், முன்பக்கத் தசைநாரைத் திரும்பத் தைத்தார்களா, அவருடைய மிச்சத் தசைகள் எப்படி, எதுவுமே தெரியாமல் ஒப்பிட்டு அம்மாவை அழவைக்கிறீர்கள். விழுந்து தோள் நொறுங்கியவர்களின் கதை இன்னும் வேறு. மாதக்கணக்கில் கட்டுப் போட்டுவிட்டு வந்தால், தசைநார் ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டுகள் இடம் மாறிக் கரைந்திருக்கும். அதன்பிறகு எந்த மூட்டை வைத்தாலும் வெளித்திருப்பம் முழுதாகக் கிடைப்பது கடினம்.

பீடிக்காரர்கள் பயப்பட வேண்டாம். மடியில் முறத்தை வைத்து முன்னால் செய்யும் வேலைக்கு எந்த வடிவமும் இடம் கொடுக்கும். எப்போது ஆரம்பிக்கலாம் என்பதை மட்டும் சர்ஜனிடம் கேளுங்கள்.

யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒன்றை நானே கேட்டுவிடுகிறேன்: இடது தோளா? கால் கழுவ அந்தக் கை பின்னால் போக வேண்டுமே? ஆபரேஷனுக்கு முன்பே இதைச் சர்ஜனிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மூடி வைத்துவிட்டு, அப்புறம் மருமகளை எதிர்பார்த்து நிற்கும் பெரியவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. முன்பக்கமாகக் கழுவப் பழக்கலாம், மற்றக் கையைப் பழக்கலாம், கைக்கு எட்டும் இடத்தில் ஹெல்த் ஃபாசெட் வைக்கலாம். இரண்டு தோளையும் மாற்ற வேண்டியவர் என்றால் இந்தப் பேச்சு கட்டாயம். சேலை பின்கொசுவமா, வண்டி ஓட்டுகிறவரா, ஆற்றில் துணி துவைக்கிறவரா, எல்லாம் சொல்லுங்கள். எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று சர்ஜன் முடிவெடுக்க அது உதவும்.

முதல் 3 மாதம் கவனிக்க வேண்டியவை: கட்டிலிலோ நாற்காலியிலோ அந்தக் கையை ஊன்றி எழாதீர்கள். கையைப் பின்னால் கொண்டுபோய் உள்பக்கம் திருப்பாதீர்கள். மூட்டு நழுவுவது பெரும்பாலும் இந்த நிலையில்தான். சட்டை போடும்போது ஆபரேஷன் கை முதலில் உள்ளே, கழற்றும்போது கடைசியில் வெளியே. படுக்கும்போது முழங்கை பின்னால் சரியாதபடி அடியில் ஒரு தலையணை. டவுன் பஸ்ஸில் அந்தக் கையால் மேல் கம்பியைப் பிடித்து நிற்காதீர்கள், வண்ணார்பேட்டைத் திருப்பத்தில் டிரைவர் உங்கள் தோளைக் கேட்டுவிட்டா பிரேக் போடுவார்? குற்றாலம் சீசன் வந்துவிட்டது என்று அருவிக்குப் போகவே போகாதீர்கள். தண்ணீர் அடிக்கிற வேகம் ஒரு பக்கம், பாசி படிந்த பாறையில் வழுக்கி அந்தக் கையை ஊன்றுவது இன்னொரு பக்கம்.

நன்றாக இருந்த தோளின் மேல் முனையில், அதாவது எலும்பு உச்சியில், புதிதாகத் தொட்டாலே வலிக்கிறதா? பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள். டெல்டாய்டு இழுக்கும் பாரத்தில் அந்த எலும்பில் விரிசல் விழுவதுண்டு. சூடு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். திடீரென்று ‘டொக்’ என்று சத்தம் கேட்டுக் கை எழவில்லை என்றாலும் அப்படித்தான், நீங்களே இழுத்துப் பொருத்தப் பார்க்க வேண்டாம்.

கடைசியாக என் சொந்த ஆதங்கம். பல டிஸ்சார்ஜ் சம்மரிகளில் எங்களுக்கு வருவது “பிசியோ செய்யவும்” என்ற ஒரு வரிதான். எந்த மூட்டு, எந்த அளவு, முன்தசைநார் தைத்ததா, ஒன்றும் இருக்காது. நாங்கள் எப்போது எவ்வளவு திருப்பலாம் என்பது அதில்தானே இருக்கிறது? மூட்டுப் பெட்டியோடு ஸ்டிக்கர் வரும். அதன் நகலையும் ஆபரேஷன் குறிப்பையும் வார்டை விட்டுக் கிளம்பும் முன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் எங்களிடம் வரும்போது கையோடு கொண்டுவாருங்கள், மஞ்சள் பையில் பத்து வருஷத்துப் பழைய எக்ஸ்ரேக்களுக்கு நடுவில் செருகி வைக்காமல்.