பெரம்பூர்ப் பெட்டியும் மெட்டீரியல் பொத்தானும்

பெரம்பூரில் 1955 முதல் இயங்கிவரும் ரயில் பெட்டித் தொழிற்சாலை, தான் கட்டும் பெட்டிகளுக்கான சக்கரங்களைத் தானே வார்ப்பதில்லை; பெங்களூருவின் எலகங்காவில் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. ஆனால் சக்கரம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், 1,676 மி.மீ. அகலப் பாதைக்குப் பொருந்தினால்தான் பெட்டி உருளும். கைபேசிச் செயலியில் கூகுளின் மெட்டீரியல் நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, சேர்ப்பவர்கள் பலர் சக்கரத்தை வாங்கிவிட்டுப் பாதையை மறந்துவிடுகிறார்கள்.

2014-இல் கூகுள் அறிவித்த மெட்டீரியல் டிசைன், அடிப்படையில் ஒரு விதித்தொகுப்பு. திரையில் உள்ளவற்றை அடுக்கிவைத்த தாள்களாகக் கருதி, எது மேலே இருக்கிறது என்பதை நிழலால் உணர்த்துவது அதன் மையக் கருத்து. அவ்விதிகளைப் பொத்தான், அட்டை, உரைப்பெட்டி என ஆயத்த உறுப்புகளாக்கித் தருவதே நூலகம்.

ஆண்ட்ராய்டு திட்டத்தில் அதைச் சேர்க்க, செயலியைக் கட்டியெழுப்பும் கருவியான கிரேடிலின் கோப்பில், தேவையான நூலகங்களைக் குறிக்கும் சார்புப் பட்டியலில் ஒரு வரி எழுதினால் போதும். கிரேடில் அதைக் நூலகங்களை இணையத்தில் சேமித்துவைக்கும் கூகுளின் மேவன் களஞ்சியத்தில் தேடியெடுத்து, அந்நூலகம் சார்ந்திருக்கும் பிற நூலகங்களையும் கூடவே இறக்கிக்கொள்கிறது. பதிப்பு எண்ணுக்குப் பதிலாகக் கூட்டல் குறியை இட்டுவிட்டுப் போகும் பழக்கம் சிலருக்கு உண்டு. நேற்று ஒழுங்காக ஓடிய செயலி இன்று ஒருவரும் கைவைக்காமலே மாறிப்போக அது இடம்கொடுக்கும். எண்ணை முழுமையாக எழுதிவிடுவதே உத்தமம்.

உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நூலகத்தின் பொத்தானுக்குள் எந்த நிறமும் நேரடியாக எழுதப்பட்டிருப்பதில்லை. 'முதன்மை நிறம்', 'மேற்பரப்பு நிறம்' என்ற பெயர்கள் மட்டுமே உள்ளன. அவற்றுக்குரிய மதிப்புகளை, செயலியின் தோற்றத்தை வகுக்கும் தீம்தான் தர வேண்டும்; பலர் மறந்துவிடும் பாதை இதுதான். பெயர்கள் நூலகத்திலேயே இருப்பதால், ஆண்ட்ராய்டின் பழைய துணை நூலகமான ஆப்காம்பாட்டின் தீமை வைத்துக்கொண்டு நிரலைத் தொகுத்தாலும் (கம்பைல் செய்தாலும்) பிழை எதுவும் தென்படாது. திரை திறக்கும் கணத்தில் பொத்தான் தன் மதிப்புகளைத் தீமில் தேடி, கிடைக்காமல் போகும்போதுதான் செயலி நின்றுவிடுகிறது. நீளமான பிழைச் செய்தியைக் கண்டு மிரளாமல் கீழே வரை படித்தால், தீமை மெட்டீரியல் வழிவந்ததாக மாற்றச் சொல்லும் வரி அதிலேயே கிடைக்கும். பெரிய பழைய செயலியின் தோற்றத்தை ஒரே நாளில் மாற்ற முடியாதவர்களுக்காக, தேவையான மதிப்புகளை மட்டும் பழைய தீமுடன் இணைக்கும் 'பிரிட்ஜ்' தீம்களும் உள்ளன.

இவ்வளவு சிரமத்துக்கும் பயன் உண்டு. காசிமேட்டில் ஈரக் கையோடு மீன் விலையைப் பதிபவருக்காக ஒரு செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அவர் விரலுக்குப் பொத்தான் போதிய அளவில் இருக்க வேண்டும். அதை அளக்கும் திரை அலகான ஒரு டிபி என்பது அங்குலத்தில் 160-இல் ஒரு பங்கு. மெட்டீரியல் விதி தொடுபரப்புக்குக் கேட்கும் 48 டிபி, ஏறத்தாழ 7.6 மி.மீ. அங்குலத்துக்கு 320 புள்ளிகள் உள்ள திரையில் அது 96 புள்ளிகளாகவும், 480 உள்ள திரையில் 144 புள்ளிகளாகவும் விரியும். பொத்தானின் வண்ணம் தீட்டிய பகுதி அதைவிடக் குட்டையாகத் தெரிந்தாலும், அதன் மேலும் கீழும் உள்ள சிறு இடைவெளியில் படும் விரலையும் பொத்தான் தன் மேல் பட்டதாகவே எடுத்துக்கொள்ளும்.